பேத்தி வாயை மூடிக்கொண்ட வாரம்

எங்கள் வீட்டில் குழந்தைக்குச் சாக்லேட் கிடையாது. கொடைக்கானலில் குடியிருந்துகொண்டு இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாயுடுபுரத்திலிருந்து ஏரிக்கு இறங்குகிற வழியில் மட்டும் சாக்லேட் விற்கிற கடைகள் பதினான்கு இருக்கின்றன. நான் எண்ணியிருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் மருமகள் கடைகளை ஒட்டித் தான் நடந்து, குழந்தையை மறுபக்கம் விட்டுக்கொள்வாள். நாலரை வயதுக் குழந்தைக்குச் சேலைத் தலைப்பால் பதினான்கு கடைகளை மறைத்துவிட முடியும் என்பது அவளுடைய நம்பிக்கை.

சீனியும் கிடையாது. பேத்திக்கு முதல் பிறந்தநாள் முடிந்த கையோடு, கைபேசியில் எதையோ படித்துவிட்டு, மருமகள் சீனி டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து என் காப்பிக்கு நான் நாற்காலி போட்டு ஏற வேண்டியிருக்கிறது. "விழுந்து வச்சிராதீங்க மாமா" என்று அடுப்படியிலிருந்து சொல்வாளே தவிர, டப்பாவை இறக்கி வைக்க மாட்டாள்.

சீனிக்குப் பதிலாக வந்தது தேன்.

மருமகளின் அப்பா, அதாவது என் சம்பந்தி, மேல்மலையில் இருக்கிற பூண்டியில் விவசாயம் பார்க்கிறவர். பூண்டு, கேரட், கொஞ்சம் உருளைக்கிழங்கு. மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். ஒரு கையில் காய்கறிச் சாக்கு, மறு கையில் தேன் பாட்டில். காட்டுக்குள் தேன் எடுக்கிறவர்களிடம் நேராக வாங்கி, தானே வடிகட்டிக் கொண்டுவருவார். ரோட்டோரத்தில் டூரிஸ்டுகளுக்கு விற்கிற தேனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அதெல்லாம் பாகு சம்பந்தி. இது மருந்து" என்பார். பேத்திக்கு இரவில் படுக்கும்போது ஒரு பாட்டில் பால். அதில் அந்த மருந்து இரண்டு கரண்டி. கம்பளிக்குள் படுத்துக்கொண்டு, பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

காலையில் பல் துலக்குவது வேறு கதை. மார்கழி, தை மாதங்களில் எங்கள் குழாயில் வருகிற தண்ணீரில் விரலை நீட்டினால், பிறகு விரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரைக் குழந்தையின் வாயில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? "வெயில் வரட்டும்" என்பாள் மருமகள். வெயில் வருவதற்குள் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில், ஒரு வாரத்தில் எத்தனை நாள் மேகம் வெள்ளனே விலகியது என்று தெரிந்தால், பேத்தி எத்தனை நாள் பல் துலக்கினாள் என்று சொல்லிவிடலாம்.

அவளுடைய முன்பற்களில் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். எனக்கு எதையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்த்ததைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். வெள்ளைக் கோடு மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பானது. மருமகளிடம் சொன்னேன்.

"பால் பல்லுதானே மாமா, விழுந்து மொளைச்சிரும்" என்றாள்.

ஓட்டலில் வேலை பார்க்கிற என் மகனிடம் சொன்னேன். சீசன் இல்லாத நாளிலும் அவனுக்கு நேரம் கிடையாது. "பால் பல்லுதானேப்பா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சம்பந்தியிடம் சொன்னேன். அவரும் அதையே சொன்னார். மூன்று பேர் ஒன்றைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன். கவலையை மட்டும் விடமாட்டேன்.

பொங்கல் முடிந்த சமயத்தில் பேத்தி இடது பக்கமாக மட்டும் மெல்ல ஆரம்பித்தாள். கேரட்டை வேண்டாம் என்று தள்ளினாள். செய்தி பூண்டிக்குப் போனதும் சம்பந்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பல் வலிக்கிறதே என்ற பதைப்பைவிட, கேரட்டைத் தள்ளிவிட்டாளே என்ற பதைப்பு அவருக்குக் கூடுதலாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

"நம்ம கேரட்டையா வேணாங்குது?" என்று இரண்டு முறை கேட்டார்.

"பல்லு வலிக்குதாம்ப்பா. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும்" என்றாள் மருமகள்.

"பல்லு வலிக்கா டாக்டரு? நம்ம பூண்டுக்கு அடங்காத வலி என்னத்தா இருக்கு? எனக்கு இத்தன வருசமா டாக்டரா வந்து பாத்தான்?"

சாக்கிலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரித்தார். மலைப்பூண்டு, உரிக்கும்போதே என் கண் எரிந்தது. அம்மியில் வைத்து நசுக்கி, உருட்டி, வலது கடைவாயில் ஈறோடு சேர்த்து அப்பிவிட்டு, குழந்தையின் தாடையைச் செல்லமாகப் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் கடிச்சுக்கிட்டு இரு தாயி, ஓடியே போயிரும்."

ஓடியது வலி இல்லை, குழந்தைதான். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து விடுதியில் தங்கியிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் சன்னலைத் திறந்து பார்த்தார். மறுநாள் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகக் கொப்புளித்திருந்தது. அதோடு பேத்தி வாயை மூடிக்கொண்டாள். தன் கையால் தானே எடுத்துச் சாப்பிடுவாள். ஆறடிக்கு அப்பால் நின்றால் நன்றாகப் பேசுவாள். யாராவது அருகில் வந்தால் உதடுகள் இரண்டும் உள்ளே போய்விடும். அம்மாவாக இருந்தாலும் சரி.

அப்படி மூடிய வாயோடுதான் அவளைப் பல் டாக்டரிடம் கொண்டுபோனோம். மருமகள், நான், சம்பந்தி. பூண்டு வைத்தவர் வராமல் இருப்பாரா?

டாக்டர் சின்ன வயதுப் பெண். மாடியில் கிளினிக். சுவரில் பல் துலக்குகிற முயல். டாக்டர் முதலில் குழந்தையைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தார்.

"சாக்லேட் நிறைய சாப்பிடுவாளாம்மா?"

"ஒண்ணுகூட இல்ல டாக்டர்" என்றாள் மருமகள், பரிசு வாங்க மேடை ஏறுகிறவள் மாதிரி.

"சுகர், பிஸ்கட், ஜூஸ்?"

"வீட்ல சீனியே எடுக்கிறதில்ல."

நான் தொண்டையைக் கனைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

"நைட் பாட்டில் இருக்கா?"

"இருக்கு டாக்டர். பால்தான். சீனி போட மாட்டோம். தேன்தான் விடுவோம். ஒரிஜினல் மலைத்தேன், எங்க அப்பா கொண்டாருவாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பல்லுக்குத் தேனும் சீனிதான்மா. தூங்கும்போது வாயில எச்சில் சரியா ஊறாது. பாலும் தேனும் விடிய விடிய பல்லு மேலயே நிக்கும். காலைலயாவது நல்லா பிரஷ் பண்ணி விடுறீங்களா?"

நானும் மருமகளும் ஒரே நேரத்தில் சன்னலைப் பார்த்தோம். வெளியே மேகம் அடைத்துக்கொண்டு நின்றது.

சம்பந்தி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "டாக்டரம்மா, தேனு கெட்டுப்போகாதுங்களே. வருசக்கணக்கா வச்சிருந்தாலும் அப்பிடியே கெடக்கும்."

"தேன் கெடாதுங்க. பல்லுதான் கெடும்."

பேத்தி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுத ஒரு நொடியில், டாக்டர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்துவிட்டார். வலது பக்கம் கீழே, கடைசிக்கு முந்தின பல்லில் பெரிய குழி. ஈறில் சின்னதாகச் சீழ்க் கொப்புளம். "கன்னத்துல இந்த வெள்ளை என்ன?" என்று கேட்டார்.

"பூண்டுங்க" என்றார் சம்பந்தி, மெதுவாக.

"சுட்டுருச்சு. இனிமே வைக்காதீங்க."

எங்கள் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வியை நான் கேட்டேன். "பால் பல்லுதானே டாக்டர்? விழத்தானே போகுது?"

"முன்பல்லு ஆறு ஏழு வயசுல விழும் சார். இந்தக் கடைவாய்ப் பல்லு ஒம்பது பத்து வயசு வரைக்கும் இருக்கணும். அதுவரைக்கும் அவ எதுல மெல்லுவா? இப்பவே எடுத்துட்டா, கீழே இருந்து வர்ற பல்லுக்கு எடம் இருக்காது. அதைவிட, சீழ் இருக்கு. பரவ விடக்கூடாது. நரம்பைச் சுத்தம் பண்ணி, மேல கேப் போட்டுப் பல்லைக் காப்பாத்தலாம். ஆனா அவ வாயைத் திறக்கணும். வர்ற வியாழக்கிழமை வரைக்கும் மருந்து தர்றேன். காய்ச்சல் வந்தாலோ முகம் வீங்கினாலோ அன்னைக்கே வாங்க. வியாழக்கிழமையும் திறக்கலைன்னா, மதுரைக்கு எழுதித் தர்றேன். பெரிய ஆஸ்பத்திரில மயக்க மருந்து குடுத்துச் செய்வாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, நிறையக் குழந்தைங்களுக்குச் செய்றதுதான்."

பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதிலிருந்து மருமகள் பயப்பட ஆரம்பித்தாள். படி இறங்கும்போது கேட்டாள், மூஞ்சிக்கல் ஏற்றத்தில் கேட்டாள், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மறுபடியும் கேட்டாள். "தூங்க வச்சா, முழிச்சிருவால்ல மாமா?"

முழித்துவிடுவாள் என்று மூன்று முறையும் சொன்னேன். எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. என் பங்குக்கு மலைப்பாதையின் வளைவுகளைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருந்தேன். பேத்திக்கு வத்தலக்குண்டு போவதற்குள் மூன்று முறையாவது வாந்தி வந்துவிடும்.

சம்பந்தி ஊருக்குத் திரும்பவில்லை. பூண்டு பிடுங்குகிற நேரம். தோட்டத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். "சோலி கெடக்கட்டும்" என்று எங்கள் வீட்டு முன்னறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமைக்குள் குழந்தையை வாய் திறக்கப் பழக்குவது என்று நாங்கள் இரண்டு கிழவர்களும் முடிவு செய்தோம்.

நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். "பாப்பாவுக்கு எத்தனை பல்லுன்னு தாத்தா எண்ணிச் சொல்லட்டுமா?" என்றேன். உதடுகள் உள்ளே போயின. டார்ச்சைத் தன் கையில் வாங்கி என் மூக்குத் துவாரங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

சம்பந்தி குரங்கு மாதிரி பல்லைக் காட்டினார். ஆடு மாதிரி கத்தினார். "வாயில பூட்டுப் போட்டது யாரு? சாவி எங்க தாயி?" என்றார். பேத்தி ஆறடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, "பூண்டி தாத்தா முழுங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள்.

"ஒங்க டார்ச்சப் பாத்துத்தான் மெரண்டுபோச்சு சம்பந்தி" என்றார் அவர்.

"உங்க கையில இன்னும் பூண்டு வாடை போகலை சம்பந்தி" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன்" என்றாள் மருமகள்.

நாங்கள் போட்டி போட்ட அந்த வாரத்தில் வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். தேனை முதல் நாளே நிறுத்தினாள். பிறகு பாட்டில் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் பாட்டிலில் வெறும் தண்ணீர் இருந்ததும் பேத்தி அதைத் தானே தூக்கிக் கட்டிலுக்குக் கீழே போட்டாள். காலையில் வெந்நீரை ஃபிளாஸ்கில் ஊற்றி, கட்டில் பக்கத்திலேயே வைத்தாள். நான்கு வருடமாக இந்த யோசனை யாருக்கும் வரவில்லை. பட்டாணி அளவு பற்பசை. அதை வாயை லேசாகப் பிளந்து முன்பற்களில் மட்டும், அதுவும் குழந்தை தானே தேய்ப்பாள். அம்மா கை வந்தால் மூடிவிடும். மருந்தை மட்டும் எப்படியோ உதட்டோரம் வழியாக ஊற்றிவிட்டோம். காய்ச்சல் வரவில்லை. கொப்புளம் வற்றியது. வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. மருமகள் காலையில் எதுவும் சாப்பிடவில்லை. மதுரை ஆஸ்பத்திரியின் பெயரை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாமா என்று கிளினிக் வாசலில் என்னிடம் கேட்டாள்.

டாக்டர் பேத்தியைக் கூப்பிடவே இல்லை. "இன்னைக்கு யாரு முதல்ல பல்லு எண்ணிக்கப் போறீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். நான் சம்பந்தியைப் பார்த்தேன். சம்பந்தி முயல் படத்தைப் பார்த்தார். எண்ணுவது என்று வந்துவிட்ட பிறகு நான் ஒதுங்குவது முறையில்லை. நாற்காலியில் ஏறிப் படுத்தேன். அது நான் எதிர்பார்க்காத நேரத்தில் பின்னால் சாய்ந்தது.

"தாத்தாவுக்கு எத்தனை இருக்கும், சொல்லுங்க சார்."

"இருபத்தொம்பது" என்றேன். சந்தேகமே இல்லாமல்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு உரக்க எண்ணினார். பேத்தி அம்மாவின் மடியிலிருந்து எட்டிப் பார்த்து அவரோடு சேர்ந்து விரல் மடக்கினாள். இருபத்தாறில் டாக்டர் நிறுத்திவிட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே நான் மறுத்தேன். என்ன சொன்னேன் என்று யாருக்கும் புரியவில்லை. மறுபடி எண்ணினார். மறுபடியும் இருபத்தாறு. அதிலும் ஒன்று வெறும் வேராம்.

"ஊர்க் கடையெல்லாம் எண்ணுறவரு, சொந்த வாய்க்குள்ள மூணு கொறையிது!" என்று சம்பந்தி தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்திருக்கக் கூடாது. பேத்தி அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இப்ப பூண்டி தாத்தா."

"எனக்கெதுக்கு தாயி? எம் பல்லு நல்லாத்தான கெடக்கு. பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு, வெரசாப் போகணும்."

பேத்தி மடியிலிருந்து இறங்கினாள். அந்த அறைக்குள் அவள் தரையில் கால் வைத்தது அதுவரை கிடையாது. டாக்டரிடம் கையை நீட்டினாள். டாக்டர் சிரிக்காமல் இன்னொரு சின்னக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு சம்பந்தியின் முன்னால் போய் நின்றாள்.

"தொறங்க."

அறுபத்தெட்டு வயது மனிதர், காட்டெருமை தோட்டத்தில் இறங்கினால் தனியாகப் போய்த் தகரம் தட்டி விரட்டுகிறவர், இரண்டு உதடுகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு, கையால் வாயை வேறு மூடிக்கொண்டார். அச்சு அசல் பேத்தி மாதிரியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் குழந்தை சிரிக்கவில்லை.

"எனக்கு மட்டும் வச்சீங்கல்ல. நான் அழுதேன்ல."

சம்பந்தி கையை எடுத்தார். எழுந்துபோய் நாற்காலியில் படுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். டாக்டர் குழந்தையைத் தூக்கி ஒரு ஸ்டூலில் நிறுத்தினார். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன இருக்கு பாப்பா?"

"ஓட்டையா இருக்கு. இங்க இல்லவே இல்ல. இங்கயும் இல்ல. பூண்டு நாத்தம் அடிக்குது."

"பாத்தியா, இவருக்கு வலிச்சிருக்கும்ல?"

"அழுதீங்களா?" என்று பேத்தி கேட்டாள்.

"அழுதேன் தாயி" என்றார் சம்பந்தி, கண்ணைத் திறக்காமலே. "காட்டுக்குள்ள போயி அழுதுக்கிருவேன்."

டாக்டர் அப்போதுதான் கேட்டார். "பாப்பா பல்லு எப்படி இருக்குன்னு நாம பாக்கலாமா?"

பேத்தி யோசித்தாள். பிறகு பேத்தி தன் நிபந்தனைகளைச் சொன்னாள். கண்ணாடியை அவள்தான் பிடித்துக்கொள்வாள். அம்மா காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூண்டி தாத்தா வெளியே போக வேண்டும்.

சம்பந்தி அவ்வளவு வேகமாக நாற்காலியிலிருந்து இறங்கி நான் பார்த்ததில்லை.

அவள் ஏறிப் படுத்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வாரமாக நாங்கள் குரங்கும் ஆடுமாக ஆடியும் திறக்காத வாய்.

டாக்டர் எதைச் செய்தாலும் முதலில் சொன்னார், பிறகு அவளுடைய விரல் நகத்தில் வைத்துக் காட்டினார், அதற்குப் பிறகுதான் வாய்க்குள் கொண்டுபோனார். ஈறில் ஏதோ தடவினார். பல்லைத் தூங்க வைக்கிறேன் என்று சொல்லி ஊசியைப் போட்டபோது குழந்தை அழுதாள். மூடிக்கொண்டாள். போச்சு, மதுரைதான் என்று நான் நினைத்தேன். டாக்டர் அவசரப்படாமல் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடியும் திறந்தாள். சுவரில் இருந்த ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு எண்ணிக்கை தவறிப்போனது. திரும்ப ஆரம்பிக்கத் தோன்றவில்லை.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. "தொறந்துருச்சா?" என்று சம்பந்தியின் குரல்.

"தெறந்துட்டா. நீங்க மூடுங்க" என்றேன்.

எல்லாம் முடிந்தபோது டாக்டர் சொன்னார்: "நரம்பு சுத்தம் பண்ணியாச்சு. மேல தற்காலிகமா அடைச்சிருக்கேன். அடுத்த வாரம் கேப். முன்பல்லு நாலுக்கும் மருந்து தடவுவோம், கறை போகாது, ஆனா பரவாம நிக்கும். மதுரைக்குப் போக வேண்டாம்மா." கன்னம் மரத்திருக்கும், குழந்தை தெரியாமல் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கதவருகே எட்டிப் பார்த்து, "பெரியவரே, உங்களையும் அடுத்த வாரம் பாக்கணும்" என்றார். சம்பந்தி இரண்டு படி கீழே போய் நின்றுகொண்டார்.

மருமகள் டாக்டருக்கு நன்றி சொன்னாள், செருப்பைப் போட்டாள், குழந்தைக்குக் குல்லாவை மாட்டினாள். எல்லாம் நிதானமாகத்தான் செய்தாள். கீழே வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கும் சம்பந்திக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "எல்லாம் முடிஞ்சிருச்சே, இப்ப ஏம்மா" என்று நான் ஆரம்பித்ததை அவள் காதில் வாங்கவில்லை.

பேத்தி அவள் முன்னால் போய் நின்றாள். ஒரு பக்கக் கன்னம் மரத்து, உதடு கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கைகளை ஒவ்வொன்றாக முகத்திலிருந்து விலக்கினாள்.

"அம்மாக்கும் பல்லு வலிக்குதா?" என்றாள், கொழகொழத்த வாயால். "தொற. நான் பாக்குறேன்."

மருமகள் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். பேத்தி அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளே குனிந்து பார்க்கும் முன், எங்கள் இருவரையும் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினாள்.